வயலில் எரிகிற தீனி: திருகோணமலையில் பயிர்க்கழிவைக் கொண்டு சைலேஜ் போடுவது எப்படி

மாசி, பங்குனியில் தம்பலகாமம், கந்தளாய், மூதூர், தோப்பூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பெரும்போகம் வெட்டி முடிந்த வயல்களில் வைக்கோல் எரிகிற புகையைப் பார்க்கலாம். ஆடி, ஆவணியில் அதே ஊர்களில் மாடுகள் விலா எலும்பு தெரிய நிற்கும், பால் குறைந்துவிடும், வைக்கோலைக் காசு கொடுத்து வாங்கி லாண்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு வருவோம். எரித்துத் தள்ளிய தீனிக்கும் பட்டினி கிடக்கிற மாட்டுக்கும் இடையில் இருப்பது நாலைந்து மாதம்தான். இது எனக்கு எப்போதும் உறுத்துகிற விஷயம், அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம் மாவட்டத்தில் மாட்டுக்கு வருடத்தில் இரண்டு தடவை வயிறு காய்கிறது. ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது: வைகாசியிலிருந்து புரட்டாசி வரை அடிக்கிற வெயிலும் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றும் புல்லைக் கருக்கிவிடும். மற்றது மழைகாலத்தில் வருவது, வெளியில் இருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. ஐப்பசியில் விதைப்புத் தொடங்கியதும் வயலெல்லாம் பயிராகிவிடும், பட்டியைக் காட்டோரம் கொண்டுபோக வேண்டும், அங்கே மேய்ச்சல் தரையும் சுருங்கிக்கொண்டே போகிறது. சுற்றிலும் பச்சை, ஆனால் மாடு வாய் வைக்க இடமில்லை. ஆகவே பெரும்போக அறுவடையோடு ஒரு தடவை, சிறுபோக அறுவடையோடு ஒரு தடவை என்று இரண்டு முறை போட்டு வைத்தால் இரண்டு பஞ்சத்தையும் கடக்கலாம்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சைலேஜ் என்பது தீனியைக் கெடாமல் வைக்கிற முறை, மோசமான தீனியை நல்ல தீனியாக மாற்றுகிற வித்தை அல்ல. உள்ளே என்ன போட்டீர்களோ அதுதான் வெளியே வரும், அதுவும் கொஞ்சம் குறைந்துதான் வரும். காய்ந்து சருகான வைக்கோலை மட்டும் பரலில் அடைத்துவிட்டு ஒரு மாதம் கழித்துத் திறந்தால் பூஞ்சணம் பிடித்த வைக்கோல்தான் இருக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். நறுக்கிய பச்சைப் பொருளைக் காற்றில்லாமல் இறுக்கி மூடினால், தயிரை உறைய வைக்கிற பற்றீரியாக் குடும்பத்தைச் சேர்ந்தவை அதிலுள்ள சீனியைத் தின்று லக்டிக் அமிலம் உண்டாக்கும். புளிப்பைக் காட்டுகிற பி.எச். அளவு 4 பக்கம் இறங்கியதும் அழுகச் செய்கிற கிருமிகளால் அங்கே வாழ முடியாது. மூடி திறக்காத வரைக்கும் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இதற்கு அளவான ஈரம், போதிய சீனி, காற்றில்லாத அடைப்பு மூன்றும் வேண்டும். முற்றாத சோளனை முழுதாக வெட்டிப் போடுகிறவருக்கு முதல் இரண்டும் தானாகவே இருக்கும். பயிர்க்கழிவில் அப்படியில்லை, ஒன்று இருந்தால் ஒன்று இருக்காது. வைக்கோலில் ஈரமும் இல்லை சீனியும் இல்லை, வாழைத்தண்டில் தண்ணீரைத் தவிர வேறு பெரிதாக எதுவுமில்லை, கச்சான் (நிலக்கடலை) கொடியில் புரதம் உண்டு, சீனி போதாது. எதை எதோடு சேர்ப்பது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஈரம் பார்க்க மெசின் எதுவும் வேண்டாம். நறுக்கிய பொருளைக் கை நிறைய அள்ளி அரை நிமிடம் நன்றாகப் பிழிந்து பிடியுங்கள். விரல் இடுக்கால் தண்ணீர் சொட்டினால் ஈரம் கூட. கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ச்சல் கூட. உருண்டையாக நின்று மெதுவாக விரிந்து, உள்ளங்கை லேசாக நனைந்திருந்தால் அதுதான் பதம். கணக்கில் சொன்னால் நூற்றுக்கு 65 முதல் 70 பங்கு தண்ணீர், மீதி 30 முதல் 35 பங்கு காய்ந்த பொருள்.

இனி நம் பக்கம் கிடைக்கிற பொருட்கள். எல்லாவற்றிலும் முதலிடம் சோளனுக்குத்தான். அவித்து விற்பதற்குப் பொத்தியைப் பச்சையாக முறிக்கிறார்களே, அந்தத் தோட்டத்தின் தட்டை பாலும் பச்சையுமாக நிற்கும், சீனியும் இருக்கும், ஈரமும் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். ஆனால் முறித்த அன்றோ மறுநாளோ வெட்டிவிட வேண்டும். ஒரு கிழமை நின்றால் வெயிலில் சீனியும் போய் ஈரமும் போய்விடும். அதனால் தோட்டக்காரரிடம் பொத்தி முறிக்கிற நாளுக்கு முன்பே பேசி வையுங்கள், பெரும்பாலும் அவருக்கும் நிலம் வெறுமையானால் நல்லதுதான். இந்தத் தட்டையில் 100 கிலோவுக்கு 2 கிலோ மொலாசஸ் (சீனி ஆலையில் மிஞ்சுகிற கரும்புப் பாகு) தெளித்தால் போதும். பொத்தியை உரித்த மடலையும் விற்காமல் ஒதுக்கிய பிஞ்சுப் பொத்தியையும் சேர்த்தே நறுக்கலாம். காடு வெட்டிப் பயிரிடுகிற சேனையில் தானியத்துக்காக முற்றவிட்டு முறித்த காய்ந்த தட்டை வேறு கதை. அதற்குத் தண்ணீரும் தெளிக்க வேண்டும், மொலாசஸும் 4 கிலோவாகக் கூட்ட வேண்டும், அப்படியும் வைக்கோலைவிடச் சற்று மேல் என்றுதான் சொல்வேன்.

படைப்புழு வந்த பிறகு சோளனுக்கு மருந்து அடிக்காதவர் குறைவு. எந்த மருந்து, கடைசியாக என்றைக்கு அடித்தது என்று தோட்டக்காரரிடம் கேட்காமல் தட்டையை ஏற்றாதீர்கள். மருந்துப் போத்தலில் அறுவடைக்கு முன் எத்தனை நாள் விட வேண்டும் என்று போட்டிருக்கும், அந்த நாள் கழிந்திருக்க வேண்டும். புளிக்க வைத்தால் மருந்து போய்விடும் என்று நம்பாதீர்கள்.

கச்சான் கொடி நல்ல புரதமுள்ள தீனி, மணல் பாங்கான ஊர்களில் கச்சான் பிடுங்கியதும் கொடியைக் குவித்துவிட்டுப் போகிறார்கள். அவரை இனக் கொடிகள் எல்லாம் தனியே போட்டால் புளிப்பு ஏறுவது கஷ்டம், அழுகல் நாற்றம் பிடித்துவிடும். ஆகவே சோளன் தட்டை மூன்று பங்குக்குக் கொடி ஒரு பங்கு என்று கலந்து போடுங்கள். வேரில் ஒட்டிய மண்ணை உதறாமல் போடக் கூடாது, மண்ணோடு வருகிற கிருமிதான் சைலேஜை நாறடிக்கிறது. கருத்த பூஞ்சணம் பிடித்த கொடியையும் ஒதுக்கிவிடுங்கள், கச்சானில் வருகிற பூஞ்சண நஞ்சு பாலிலும் இறங்கும்.

வாழைக்குலை வெட்டிய தண்டை எல்லாரும் வீசுகிறார்கள். அது பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வைக்கோலோ பத்தில் ஒன்பது பங்கு காய்ந்த பொருள். இந்த இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும்: எடைக்கு மூன்று பங்கு தண்டு, ஒரு பங்கு வைக்கோல். இரண்டையும் சின்னதாக நறுக்கி, கலவையின் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் 5 கிலோ அரிசித் தவிடும் 4 கிலோ மொலாசஸும் சேருங்கள். விற்காத பூசணி, மரக்கறிக் கழிவு போன்ற நீர்ப்பிடிப்பான எதையும் இந்தக் கணக்கிலேயே வைக்கோலோடு போடலாம். வைக்கோல் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், இல்லையென்றால் சத்தெல்லாம் சாறாக அடியில் ஒழுகிவிடும். அறுவடை மெசின் வெட்டிப் போன அன்றே, வெயில் காயுமுன் அள்ளிய வைக்கோல் இன்னும் நல்லது. கொஞ்சம் பச்சையும் இருக்கும், மாடும் விரும்பித் தின்னும்.

மரவள்ளி இலையும் தளிர்த் தண்டும் புரதத்துக்கு நல்லது. அதில் சயனைட் நஞ்சு உண்டு என்பது நம்மவருக்குத் தெரியும், கிழங்கு பிடுங்கிய தோட்டத்தில் ஆடு புகுந்தால் ஓடிப்போய்த் துரத்துவோம். நறுக்கி, ஒரு நாள் வாடவிட்டு, சைலேஜாகப் போட்டால் அந்த நஞ்சு பெரிதும் இறங்கிவிடும். ஆனாலும் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் போகாதீர்கள். வத்தாளைக் கொடியை ஒரு நாள் வாடவிட்டால் போதும், பயமில்லை. வேலியில் நிற்கிற கிளிரிசிடியாவையும் மறக்க வேண்டாம். அது பயிர்க்கழிவு இல்லைதான், ஆனால் சோளன் தட்டையில் இல்லாத புரதம் அதில் இருக்கிறது, கப்பை வெட்டி இலையை வாடவைத்து ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் புண்ணாக்குச் செலவு குறையும்.

போடவே கூடாதது ஒன்று உண்டு. நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் வெங்காயம் பிடுங்குகிற காலத்தில் தாளும் அழுகல் வெங்காயமும் குவியல் குவியலாகக் கிடக்கும், இலவசமாக அள்ளிக்கொண்டு போகச் சொல்வார்கள். வேண்டாம். வெங்காயம் அதிகமாகத் தின்ற மாட்டுக்கு இரத்தச் சிவப்பணு உடைந்து சோகை வரும், சிறுநீர் கறுப்புச் சிவப்பாகப் போகும், சாகவும் கூடும், ஆட்டைவிட மாட்டுக்குத்தான் ஆபத்துக் கூட. பாலிலும் வாசம் ஏறும்.

சரி, எதில் போடுவது? இதைப் பொருளைச் சேர்க்குமுன் முடிவு செய்யுங்கள், ஏனென்றால் உங்கள் மாட்டுக் கணக்குத்தான் இதைத் தீர்மானிக்கும். சைலேஜைத் திறந்துவிட்டால் காற்றுப் பட்ட முகம் கெடத் தொடங்கும், நம் வெயிலில் இன்னும் வேகமாகக் கெடும். அதனால் திறந்த முகத்தில் நாளுக்கு 10 சென்ரிமீற்றராவது உள்ளே போகிற மாதிரி எடுத்துக்கொண்டே போக வேண்டும். 5 அடி அகலம், 3 அடி ஆழத்தில் ஒரு குழி வெட்டினால், அந்த 10 சென்ரிமீற்றர் என்பது கிட்டத்தட்ட 65 கிலோ. ஆறேழு பசு வைத்திருப்பவர் அதைத் தினமும் முடிப்பார், அவருக்கு அந்த அளவில் 35 அடி நீளக் குழி சேதாரம் போக மூன்று மாதத்துக்குச் சரியாக வரும். இரண்டு பசுவோடு இருக்கிறவர் குழி வெட்டினால் தின்பதைவிடக் கெடுவதுதான் அதிகம். இரண்டு மூன்று மாட்டுக்காரருக்கு என் பேச்சு ஒன்றுதான்: பரல், அல்லது பை.

200 லீற்றர் நீல பிளாஸ்டிக் பரலில், வளையம் போட்டு இறுக்குகிற மூடி உள்ளதாகப் பார்த்து எடுங்கள். நன்றாக மிதித்தால் 100 முதல் 120 கிலோ பிடிக்கும், இரண்டு பசுவுக்கு ஐந்தாறு நாளில் முடியும், அடுத்த பரலைத் திறக்கலாம். இரசாயனமோ மருந்தோ வந்த பரல் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். பை என்றால் உள்ளே தடித்த பொலித்தீன் பை, வெளியே உரப்பை, ஒன்றில் 40 கிலோ வைக்கலாம். மலிவு, தூக்க லேசு, ஆனால் எலி ஒரு ஓட்டை போட்டால் அந்தப் பை போய்விட்டது. ஆகவே பலகை மேல் அடுக்கி, சுற்றிலும் எலி மறைய இடமில்லாமல் துப்புரவாக வைத்திருங்கள், வாரம் ஒரு தடவை ஓட்டை பார்த்து ரேப் ஒட்டுங்கள். மகாவலி பெருகினால் தண்ணீர் ஏறுகிற வெருகல், மூதூர்ப் பக்கத்துத் தாழ்ந்த காணிகளில் குழி எண்ணத்தையே விட்டுவிடுங்கள், மேட்டில் வைத்த பரல்தான் பாதுகாப்பு. யானை வந்துபோகிற இடமென்றால் எந்தச் சைலேஜையும் படுக்கிற அறைச் சுவரோடு சேர்த்து வைக்காதீர்கள், நெல் மூட்டைக்காகச் சுவர் உடைக்கிற மிருகம் அது.

எவ்வளவு போடுவது என்ற கணக்கு எளிது. பசு ஒன்றுக்கு நாளுக்கு 10 கிலோ என்று வைத்தால் இரண்டு பசுவுக்கு 90 நாளைக்கு 1,800 கிலோ. சேதாரம் சேர்த்து 2,100 கிலோ பக்கம் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் போட வேண்டியதில்லை. பரலின் நல்லதே அதுதான், பொருள் கிடைக்கக் கிடைக்க ஒவ்வொன்றாக நிரப்பலாம். ஆனால் தொடங்கிய பரலை அன்றைக்கே மூடிவிட வேண்டும், பாதியில் விட்டுவிட்டு நாளைக்குத் தொடரக் கூடாது.

போடுகிற நாளுக்கு மழையில்லாத காலையைத் தெரிவு செய்யுங்கள். தட்டையை 1 முதல் 2 சென்ரிமீற்றர் அளவில் நறுக்க வேண்டும், வைக்கோலையும் அப்படியே. புல் வெட்டுகிற மெசின் இருந்தால் நல்லது, நாலைந்து வீடு சேர்ந்து ஒன்றை வாங்கிச் சுற்றில் விடலாம். கத்தியால் கையில் நறுக்கினாலும் பரவாயில்லை, ஆனால் நீளமாக விடாதீர்கள். நீளத் துண்டு வளைந்து நிற்கும், இடையில் காற்று தங்கும், மாடும் தண்டை ஒதுக்கிவிட்டு இலையைப் பொறுக்கும். நறுக்கியதைத் தரையில் பொலித்தீன் விரித்துப் பரப்பி, மொலாசஸைச் சம அளவு தண்ணீரில் கரைத்துப் பூவாளியால் தெளித்துக் கையால் புரட்டிக் கலக்குங்கள். வைக்கோல் கூடுதலான கலவைக்குத் தண்ணீரைக் கூட்டிக்கொள்ளலாம், பிழிந்து பார்த்துத்தான் முடிவு. மொலாசஸ் கிடைக்காவிட்டால் சிவப்புச் சீனியைக் கரைத்துத் தெளிக்கலாம், அல்லது சீவிய மரவள்ளிக் கிழங்கையும் தவிட்டையும் கூட்டிக் கலக்கலாம்.

அப்புறம் அடைப்பது. இங்கேதான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள், இங்கேதான் எல்லாம் கெடுகிறது. அரை அடி உயரத்துக்குப் போடுங்கள், மிதியுங்கள். இன்னொரு அரை அடி, மிதியுங்கள். காலைக் கழுவிவிட்டு ஒரு ஆள் பரலுக்குள் இறங்கி ஓரம் முழுக்கக் குதிகாலால் அமுக்க வேண்டும், நடுவைவிட ஓரத்தில்தான் காற்று ஒளிந்திருக்கும். பைக்கு உலக்கையின் அடிப்பக்கம் நல்லது, பொலித்தீனைக் கிழிக்காமல் இடிக்கப் பார்த்துக்கொள்ளுங்கள். வாய் வரைக்கும் நிரப்பி, மேலே ஒரு பொலித்தீனைப் பரப்பி, மூடியை வளையம் போட்டு இறுக்கி, திகதி எழுதி நிழலில் வையுங்கள். குழி என்றால் உட்சுவர் முழுக்கத் தடித்த பொலித்தீன், மேலே குவிந்து மேடாக வரும்படி நிரப்பி மூடி, அதன்மேல் மண்ணோ மணல் பையோ ஏற்றி, மழைநீர் வழிந்தோட வாய்க்கால் வெட்ட வேண்டும். மூடிய முதல் இரண்டு மூன்று கிழமை குழிக்குள் தலையை விட்டுப் பார்ப்பது, பிள்ளைகளை அருகே விளையாட விடுவது கூடாது. மஞ்சள், மண்ணிற நச்சுப்புகை சில வேளை வரும், அது நெஞ்சைக் கெடுக்கும்.

குறைந்தது 21 நாள் திறக்காதீர்கள், வைக்கோல் சேர்ந்ததென்றால் 30 முதல் 45 நாள் விடுவது நல்லது. நல்ல சைலேஜ் மஞ்சள் கலந்த பச்சையாகவோ இளம் மண்ணிறமாகவோ இருக்கும், புளிப்பும் லேசான இனிப்பும் கலந்த வாசம் வரும், துண்டு துண்டாக உருவம் தெரியும், கையில் வழவழக்காது. ஊசிப்போன நெய் நாற்றம், சாண நாற்றம் வந்தால் ஈரம் கூடி அழுகியிருக்கிறது. கருத்த மண்ணிறமும் கருகிய சீனி வாசமும் என்றால் காற்று இருந்து சூடேறியிருக்கிறது, மாடு விரும்பித் தின்னும், ஆனால் புரதத்தில் பெரும் பங்கு செமிக்காமல் சாணத்தோடு போய்விடும். வெள்ளை, பச்சை, கறுப்புப் பூஞ்சணம் தெரிந்த இடத்தைச் சுற்றி ஒரு சாண் வரை அள்ளிக் குப்பைக் குழியில் போடுங்கள். சினைமாட்டுக்குப் பூஞ்சணம் பிடித்ததை ஒருபோதும் காட்டாதீர்கள்.

மாட்டுக்குப் பழக்குவது மெதுவாக. முதல் கிழமை 1 அல்லது 2 கிலோவை வழமையான புல்லோடு கலந்து வையுங்கள், முகர்ந்துவிட்டு ஒதுங்குகிற மாட்டுக்கு மேலே கொஞ்சம் தவிடு தூவினால் வரும். பிறகு கூட்டிக்கொண்டு போய், கலப்பினப் பசுவுக்கு 10 முதல் 15 கிலோ, சின்ன நாட்டு மாட்டுக்கு 5 அல்லது 6 கிலோ, ஆட்டுக்கு அரையிலிருந்து 1 கிலோவில் நிறுத்துங்கள். கொஞ்சம் வைக்கோலோ காய்ந்த புல்லோ கூடவே இருக்கட்டும், உப்புக்கட்டியும் தண்ணீரும் எப்போதும் வேண்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு வேண்டாம். பால் கறந்த பிறகு வையுங்கள், முன்பே வைத்தால் வாசம் பாலில் பிடிக்கும், தயிர் போடுகிறவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அன்றைக்கு வேண்டியதை எடுத்ததும் பொலித்தீனை அமுக்கி மூடியை இறுக்குங்கள், தொட்டியில் மிஞ்சியதை மறுநாள் காலையில் அப்புறப்படுத்துங்கள்.

பரலும் இல்லை, மொலாசஸும் இல்லை, வைக்கோல் மட்டும் மலை மாதிரிக் கிடக்கிறது என்பவருக்கு வேறு வழி உண்டு, யூரியா. 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லீற்றர் தண்ணீரில் முழுவதும் கரைத்து, படை படையாக வைக்கோலைப் போட்டுத் தெளித்து, மிதித்து, பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் விடுங்கள். வைக்கோல் மெதுவாகும், புரதம் கூடும், மாடு தின்பதும் கூடும். தினமும் வேண்டியதை எடுத்து, கண்ணைக் கரிக்கிற அமோனியா வாயு போகும்வரை சில மணி நேரம் காற்றாட விட்டுக் கொடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கும் குதிரை, கழுதைக்கும் கொடுக்கக் கூடாது. கரைத்து மிஞ்சிய யூரியாத் தண்ணீரை மாடு எட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள், இரண்டு வாய் குடித்தாலே மாடு விழுந்துவிடும்.

இந்த யூரியா வைக்கோலையும் மேலே சொன்ன சைலேஜையும் ஒரே அடைப்பில் கலக்கவே கூடாது. ஒன்று புளிப்பால் நிற்பது, மற்றது காரத்தால் நிற்பது, ஒன்றையொன்று கெடுத்துவிடும். சத்துக் கூடட்டும் என்று யூரியா தெளித்த வைக்கோலில் மொலாசஸையும் ஊற்றி மூடுகிறவர்கள் உண்டு. சீனியும் அந்த வாயுவும் சூட்டில் சேர்ந்தால் மாட்டை வெறிபிடித்தது போல ஓடவைக்கிற ஒரு நஞ்சு உண்டாகும், அது பாலிலும் வரும், அந்தப் பாலைக் குடித்த கன்றையும் தாக்கும். மொலாசஸ் கொடுக்க ஆசையென்றால் அடைப்பைத் திறந்து காற்றாட விட்ட பிறகு, தொட்டியில் வைக்கிறபோது தெளியுங்கள். அளவில் சந்தேகம் இருந்தால் யூரியாவைக் கரைக்குமுன் உங்கள் பிரிவுக் கால்நடை வைத்தியரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.